இரண்டு நிமிடம் பதினொரு விநாடி

றஜிதா ரீச்சரின் போன் ஒன்று.
பத்தாம் வகுப்பில் நாங்கள் இருபத்திமூன்று பேர்.
பாடம் நீர்ப்பாசனம்.
இரண்டு நிமிடத்துக்கு மேற்போகாத ஒரு வீடியோ வேண்டும்.
'மேற்போகாத' என்ற சொல்லுக்குக் கீழே
ரீச்சர் இரண்டு தரம் கோடு கீறினா.

வவுனிக்குளத்து அலைகரையில்
வெயில் ஏறமுன்னம் போய் நின்றோம்.
துருசு திறந்திருந்தது.
ஆர் கதைக்கிறது என்று கேட்டதும்
எல்லோரும் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தோம்.
லதுசன் கையை உயர்த்தினான்.

லதுசனின் சொற்கள்
வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரும்.
'து'வில் ஒரு நிற்பு, 'ம'வில் ஒரு நிற்பு.
ஆனாலும் அவன்தான் கதைக்கவேண்டும்.
கடைசி வாய்க்காலில் அவர்களுடைய வயல்.
தண்ணி எப்ப வரும், எப்ப வரும் என்று
வீட்டில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன்.

வெட்டுகிற வேலை எனக்கு.
செயலியைத் திறந்தால்
அவன் குரல் திரையில் வரம்பு கட்டிக் கிடக்கும்:
பேச்சு ஒரு பாத்தி,
பக்கத்தில் ஒன்றும் முளைக்காத பாத்தி.
முளைக்காததையெல்லாம் பெருவிரலால் அழித்தேன்.
முப்பத்தொரு நிற்புகள்.
மூன்று நிமிடம் இருபது விநாடி
ஒரு நிமிடம் முப்பத்தெட்டாய்ச் சுருங்கியது.
மிஞ்சின இடத்தில் தங்க எழுத்தில் தலைப்பு,
மேலிருந்து கொட்டும் ரோசா இதழ்கள்,
செயலி சும்மா தந்த வீணை.
இதழ்கள் விழும் வேகத்தைச் சரிபார்க்கவே
ஒரு இரவு போனது.

மூலையில் செயலியின் பெயர் விழுந்திருந்தது.
அதற்கும் நீர்க்குறி என்றுதான் சொல்வார்களாம்.
அது போய்க் குந்தியிருந்தது
குளத்தின் அடிக்கணக்குப் பலகைக்கு மேலே.
விளம்பரம் ஒன்று முழுக்கப் பார்த்தால் நீங்கும்.
பார்த்தோம், சவர்க்கார விளம்பரம். நீங்கியது.

வகுப்பில் போட்டோம். கைதட்டினார்கள்.
வானொலிக்காரன் மாதிரி
லதுசன் கடகடவென்று கதைத்துக்கொண்டு போனான்.
கதிரையில் இருந்த லதுசன்
அவனை ஆரோ ஒன்றுவிட்ட அண்ணன் போலப் பார்த்தான்.
பிறகு கேட்டான்:
"யதுசா, த... தண்ணி எங்க?"

படத்தில்தானே ஓடுது என்றேன்.
"ச... சத்தம்."

திரும்பிப் போகும் அம்புக்குறியை
முப்பத்தொரு தரம் அமத்தினேன்.
முதல் நிற்பில் துருசு இரைந்தது.
அடுத்ததில் இரைச்சலுக்கடியில் இன்னொரு இரைச்சல்,
தொட்டியில் மோதித் திரும்புகிற தண்ணி.
ஐந்தாவதில் அலைகரையால் போன லான்ட்மாஸ்டர்.
அவன் கதைத்த இடங்களில் அவன் குரல்தான் கேட்டது.
நின்ற இடங்களில் மட்டும்
குளம் கதைத்திருக்கிறது.

பத்தொன்பதாவது நிற்பு எல்லாவற்றிலும் நீளம்.
அதில் அவன் மூச்சு ஏறுகிறது, இறங்குகிறது, பிறகும் ஏறுகிறது.
அதற்கு மேலே, போனுக்கு மிகக் கிட்ட,
ஒரு பெண்குரல்:
"கெதியாச் சொல்லன்ரா."

என்னுடைய குரல்.
என்ன இருக்கென்று கேட்காமலே
அதையும் வெட்டி எறிந்திருக்கிறேன்.

அழிக்கப் போனேன். பெருவிரல் நடுங்கியது.
லதுசன் சிரித்தான். "இ... இருக்கட்டும்,
அந்த இடத்திலதான் த... தண்ணி வடிவாக் கேக்குது."

ஒன்பது நிற்புகளை அவனே தெரிந்தெடுத்தான்.
ரோசா இதழ்கள் போயின, வீணை போனது.
தங்க எழுத்தை விட எனக்கு மனம் வரவில்லை,
அதுவும் போனது.
அப்படியும் இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.

ரீச்சர் பலகையில் தான் கீறின கோட்டைப் பார்த்தா.
பிறகு போனைப் பார்த்தா.
மின்கலம் ஒன்பது வீதம்,
கரண்ட் விடிய நின்றது, இன்னும் வரவில்லை.
சேமிக்கவோ என்று செயலி கேட்டது.

ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் நின்றோம்.
சேமித்திருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும்.